ஹெஸ்டரின் தலையணை எந்த ஊர்?

நெதர் காம்ப்லியின் ஊரெல்லை ஹெஸ்டர் டாப்ஸ்காட்டின் வீட்டுக்குள் ஓடுகிறது. நடுவில் சுவரில்லாத ஒரே கூடம். தரையில் எல்லையைக் காட்டும் பித்தளை ஆணி வரிசை. அடுப்புப் பக்கம் இந்த ஊர், கணப்புப் பக்கம் ஸ்டோக் பர்ரோ. முப்பத்தொரு வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவள் அவள். எந்த நாய் குரைப்பதோடு நிற்கும், எந்த நாய் நிற்காது என்பதெல்லாம் அத்துப்படி. ஆணிகளை மட்டும் அவள் கவனித்ததேயில்லை. அடுப்புக்கு நேர் மேலே, மாடியில் படுத்துவந்தாள்.

குளிர்காலத்தில் முழங்கால் மக்கர் செய்தது. கட்டிலைக் கணப்போரம் இறக்கினாள்.

ஊரின் ஆகஸ்டுக் கண்காட்சியில் ஒன்பது வருடமாக வெங்காயப் பரிசு அவளுக்குத்தான். ஆனால் ஊருக்குள் தூங்குகிறவர்தான் போட்டியிடலாம் என்றொரு விதி இருந்தது. ஒன்பது வருடமும் இரண்டாவதாக வந்த கிளிஃபோர்ட் கஜ் அதைத் தேடிப்பிடித்துவிட்டார். தோட்டத்திலோ வெங்காய நாற்றுகள் விரல் தடிமனாகியிருந்தன. பாதிரியார்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மே மாதம் எல்லை நடை, எது நம்மூர் என்று வருடாவருடம் நடந்து, குச்சியால் அடித்து உறுதிசெய்யும் சடங்கு. ஊரே வில்லோக் குச்சிகளோடு எல்லைக் கற்களை அடித்துக்கொண்டு வந்து, வழக்கம்போல் அவள் பின்வாசலில் நுழைந்தது. எல்லை போகிற வழியிலேயே, சன்னல் வழியாக வெளியேற வேண்டும். வழியில் கட்டில் கிடந்தது, ஆணி வரிசைக்குக் குறுக்காக, தலைமாடு அடுப்புப் பக்கம். காலையில்தான் தள்ளிப் போட்டிருந்தாள்.

"ஏம்மா ஹெஸ்டர், பாதிக் கட்டில் அந்தூர்ல கிடக்குதே. இதெப்படிச் செல்லும்?" என்றார் கிளிஃபோர்ட்.

"தூங்குறது தலைதானே? என் காலு எங்க தூங்குது, ராத்திரி பூரா வலிக்குதே!"

கூட்டம் சிரித்தது. பாதிரியார் மட்டும் சிரிக்கவில்லை. "படுத்துக் காட்டும்மா."

படுத்தாள். அவர் குனிந்து ஆணிகளைப் பார்த்தார். பிறகு அவள் தலையணையின் ஓரத்தில் குச்சியால் ஓங்கி ஓர் அடி.

"தலையணை நம்மூருதான். வெங்காயமும் நம்மூருதான்."

"அப்ப முழங்கால அந்தூர்க்காரங்களே வச்சுக்கட்டும்" என்று முனகினார் கிளிஃபோர்ட். வாய் கோணிச் சிரிப்பு வந்துவிட்டது.

"கட்டில்ல ஏறுறவங்க பூட்ஸக் கழட்டிட்டு ஏறுங்க!" என்றாள் ஹெஸ்டர், எழுந்து கெண்டியை அடுப்பில் வைத்தபடி.

ஒவ்வொருவராகக் கட்டிலேறிச் சன்னல் வழியாகக் குதித்தார்கள். கடைசியாகக் கிளிஃபோர்ட். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

"ஆமா," என்றார் சன்னலில் உட்கார்ந்துகொண்டே, "என்னதான் எரு போடுற?"

"டீ குடிச்சிட்டுப் போ. அத மட்டும் கேக்காத."