அவிராச்சன் பயந்த விளக்கு

என் வீட்டுக்காரர் அவிராச்சனுக்குப் பயமென்றால் என்னவென்றே தெரியாது என்று எங்கள் மலையூர் குட்டிக்கானம் முழுக்கச் சொல்வார்கள். அதைக் கேட்க அவருக்கும் இனிக்கும். ஜீப்பில் ஏலக்காய் மூட்டையோடு வரும்போது ஒற்றைக் கொம்பன் யானை வழிமறித்து நின்றாலும், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அது போகும்வரை உட்கார்ந்திருப்பார். டீசலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருண்டே அடிவாரத்து முண்டக்கயம் போய்ச் சேருவார். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வது என் தலையெழுத்து.

ஜீப் ஓய்ந்துபோனதும், அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகன் கார் வாங்கிக் கொடுத்தான். பேத்தி ரோஸ்மோளை அவள் அம்மாவிடம் விட அதில்தான் மலையிறங்கினோம். நல்ல மழை. குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வளைவு திரும்பியதும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

“இதென்ன அச்சாயா?” என்று அவரைக் கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. வாயை மூடிட்டு வா.”

“ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது? ஓரமா நிறுத்துங்களேன்.”

“நிறுத்தி? அவிராச்சன் வண்டி வழியில படுத்துடுச்சுன்னு ஊரே சிரிக்கவா?”

அவர் பார்வை ரோட்டில் இல்லை, விளக்கிலேயே இருந்தது. எஞ்சின் வெந்துபோகும், மகன் கொடுத்த வண்டி நாசமாகும் என்று அவருக்கு நடுக்கம். அதை வாய்விட்டுச் சொல்ல வீம்பு விடவில்லை. தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். நியூட்ரலில் தள்ளி, எஞ்சினை அணைத்தார்.

“கொஞ்சம் ஆறட்டும்.”

கார் சத்தமில்லாமல் வேகமெடுத்தது. பிரேக்கை மிதித்தார். பிடித்தது. மறுபடி மிதித்தார், பாதிதான் பிடித்தது. அதற்கப்புறம் பெடல் கல்லாகிவிட்டது. எஞ்சின் ஓடினால்தான் இந்தக் காரில் பிரேக்குக்குப் பலம் என்பது எங்கள் இருவருக்குமே அதுவரை தெரியாது. ஸ்டியரிங்கும் திரும்ப மறுத்தது. எதிரே வளைவு. அதற்கப்பால் வெறும் மூடுபனி.

“பிரேக் பிடிக்கலடி ஏலியே!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

“மாதாவே! சாவியைத் திருப்புங்க! அணைச்சதாலதான் இப்படி ஆச்சு, திருப்புங்க!”

திருப்பினார். எஞ்சின் உறுமியது. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. பிரேக் பிடித்து, தடுப்புச் சுவரை ஒட்டி வண்டி நின்றது. குழந்தை கண்கூடத் திறக்கவில்லை. நான் அவளை இறுக்கிக்கொண்டு அழுதேன்.

அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

“ஏலியே, எனக்குப் பயமா இருக்குடி.”

இந்த மனிதர் வாயிலிருந்து இந்த வார்த்தை ஒருநாளாவது வராதா என்று ஏங்கியவள் நான். வந்த இடத்தைப் பாருங்கள். பாதி மலை இன்னும் இறங்கக் கிடக்கிறது. வண்டி ஓட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“பயந்துகிட்டே ஓட்டுங்க,” என்றேன். “அதான் நமக்கு நல்லது.”