ஆற்றங்கரையில் எடுத்த கவுன்

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மகள் இறந்த பிறகு அவளுடைய நாலு வயதுப் பிள்ளையை நான்தான் வளர்க்கிறேன். திராட்சைத் தோட்டக் கூலி சோற்றுக்கே சரியாகிவிடும். பால்வாடிக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல கவுன் வேண்டும் என்று பல நாளாகக் கேட்டாள்.

எங்கள் ஊரான குச்சனூரில் சனி பகவான் கோயிலுக்குத் தோஷம் கழிக்க வருபவர்கள் ஆற்றில் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுப் போவார்கள். ஊரில் யாரும் அதைத் தொட மாட்டோம். ஒரு சனிக்கிழமை, லேஸ்கூடப் பிரியாத ரோஸ் கவுன் ஒன்று கரையில் கிடந்தது. எடுத்துவந்து மூன்று தடவை துவைத்து, கடைப் பையில் மடித்து வைத்து, "கடையில எடுத்தேன் தங்கம்" என்று கொடுத்தேன்.

அதைப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். கோயிலில் எள் விளக்கு விற்கும் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"ஏத்தா, சனி விலகணும்னு கழட்டி விட்டுப் போறாக. அதையா புள்ளைக்கு மாட்டிவிட்ட? நீ எடுத்தத நான் பாத்தேனே!"

"பொய்யி! இது கடையில எடுத்தது. சொல்லு அம்மாச்சி!"

பிள்ளை என் முகத்தையே பார்த்தாள். நாலு பேர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் அழவில்லை. தெருவிலேயே கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜட்டியோடு வீட்டுக்குள் போனாள்.

அடுத்த மாதம் வயிற்றைக் கட்டி, கடையிலேயே ஒரு கவுன் எடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, "பில்லு எங்க?" என்றாள். கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு இன்னும் எழுத்துத் தெரியாது.

ஆற்றுத் துணியை எடுத்ததைவிட, கடையில் எடுத்தேன் என்று சொன்னதுதான் என்னை அறுக்கிறது. அந்தப் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். திரும்பக் கேட்டால் காட்ட வேண்டுமே.