ஓவனில் மணத்தக்காளி

நடந்தவை இவை.

1. ஐப்பசி மழை ஒரு வாரமாக விடவில்லை.
2. பழுப்பு நிலக்கரியில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சோதிக்கும் ஓவனை, மாதிரிகளை எடுப்பதற்காகத் திறந்தேன்.
3. மோர் வாசனை அடித்தது.
4. கரித்தூள் கிண்ணங்களுக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் தட்டு நிறைய மணத்தக்காளிக்காய்.

யாருடைய தட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நெய்வேலியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. அந்த ஷிப்டில் ஆய்வகத்தில் இருந்தவர்கள் நானும், உதவியாளராக இருந்த அக்காவும் மட்டுமே. சேத்தியாத்தோப்புப் பக்கத்துக்காரர். என் அம்மா வயது இருக்கும். நான் அக்கா என்பேன், அவர் மேடம் என்பார்.

“கரிக்கு மட்டும் தண்ணி எவ்ளோன்னு பாக்குறீங்க, காய்க்குப் பாக்கக் கூடாதா மேடம்?” என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “எம் பொண்ணு மாசமா இருக்குதுங்க. எது வச்சாலும் வாந்தி எடுத்துகினே இருக்குது. கடை வத்தலும் தங்கல. நான் போடுற வத்தல்தான் வேணும்னு கேக்குது. வெயிலே இல்லியே, எங்க போவேன்?”

கரித்தூள் படிந்ததை மாசமாக இருக்கும் பெண்ணுக்குக் கொடுக்க முடியாது. அக்காவுக்கும் அது தெரியும். தட்டைக் குப்பையில் கவிழ்த்துவிட்டு வந்தார். ஈரக்காயோடு இருந்த மாதிரிகளையும் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தோம். கிண்ணங்களைக் கழுவிக்கொண்டே, “வூட்டுல இன்னும் கொஞ்சம் மோர்ல ஊறுதுங்க. அதுவும் பூசணம் பூத்துடும்” என்றார்.

எனக்கு ஒதுக்கியிருந்த குவார்ட்டர்ஸ் ஹாலில் அப்போது ஒரு நாற்காலியும் ஒரு ஃபேனும் தவிர எதுவும் இல்லை. அன்று மாலையே அக்கா வீட்டில் ஊறிய காயைக் கொண்டுவந்து, அங்கே பழைய வேட்டி ஒன்றை விரித்துப் பரப்பினார். காய் சுருங்கும்வரை நான் சுவரை ஒட்டியே நடந்தேன். காலையிலும் மாலையிலும் சமையலறைத் தராசில் எடை பார்த்தேன். கரிக்குச் செய்வதைப்போலவே, எடை குறைவது நிற்கும்வரை. “மேடத்துக்கு வூட்டுலயும் டூட்டி” என்று அக்கா கிண்டல் செய்தார்.

வற்றலோடு பஸ் ஏறி மகளைப் பார்க்கப் போனவர் திரும்பி வந்து சொன்னார்: “ரசஞ்சோறும் வத்தலும் சாப்ட்டுச்சு மேடம். தங்கிச்சு.”

அக்கா இப்போது ஓய்வுபெற்று ஊரில் இருக்கிறார். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். என் ஹாலில் சோபா, மேஜை எல்லாம் வந்துவிட்டன. நேற்று என் கணவர் அவற்றைச் சுவரோரம் தள்ளினார். இந்த ஐப்பசியில் மாசமாக இருப்பது நான். தூக்குவாளியோடு வந்து, வேட்டியை விரித்துக் காயைப் பரப்பிய அக்கா, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: “மழை நிக்கலன்னு ஓவன்ல வச்சிடாதீங்க மேடம்.”

மழை நிற்கவில்லை. ஃபேன் ஓடுகிறது. மதியம் குடித்த கஞ்சியும் தங்கவில்லை. காய் இன்னும் காயவில்லை.