பர்வதம் டீச்சர் தேடிய சொல்

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை சற்று விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை, இரண்டாவது பீரியட். நான் கரும்பலகையில் ஆசியாவின் கடற்கரையை வரைந்துகொண்டிருந்தேன். பர்வதம் டீச்சரின் அக்கா மகள் கமலத்தின் கணவர் சைக்கிளைத் தூணில் சாய்த்துவிட்டு, நனைந்த சட்டையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், சித்தி போயிட்டா. காலம்பற காப்பி கேட்டா. கமலம் கலந்து எடுத்துண்டு வரதுக்குள்ள..."

"நீங்க போங்க, நான் இப்பம் வாறேன்" என்று சொல்லி அனுப்பினேன். பிறகு மீதிக் கடற்கரையையும் வரைந்து முடித்தேன். பர்மா வரைக்கும் கை சரியாகத்தான் இருந்தது. சீனாவுக்கு வந்தபோது சாக்குக்கட்டி ஒடிந்தது. பிள்ளைகளை அமைதியாகப் படிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் பெண்கள் பள்ளியில் சமஸ்கிருதமும் தமிழும் கற்பித்த பர்வதம் டீச்சரை, இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். அண்மைக் காலத்து மாணவிகளுக்கு, குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து வருகிற, ஒரு கேள்விக்கு விடை சொல்லுமுன் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்க்கிற மெலிந்த அம்மாளைத்தான் தெரியும். நான் முதலில் சந்தித்த டீச்சர் வேறு ஆள்.

நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பூகோளம் கற்பிக்க வந்த எனக்கு, வலியசாலையில் அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் தங்க இடம் கிடைத்தது. முதல் நாள் பள்ளிக்கு இருவரும் சேர்ந்து புறப்பட்டோம். அவரோடு போவதற்கு நான் பாதி வழி ஓட வேண்டியிருந்தது. "பகவதி, நடக்கறச்சே பேசலாம். பேசறதுக்காக நிக்கப்படாது" என்றார். வகுப்பிலும் அப்படித்தான். இலக்கணத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதுகிற பிள்ளைகளுக்கு விரல் வீங்கும். 'மெயில் வண்டி' என்று அவர்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும். நூலகம், பேச்சுப் போட்டி, சனிக்கிழமை வகுப்பு என்று யாரும் ஏற்காத வேலையெல்லாம் அவர் தலையில் இருந்தது. இறந்துபோன அக்காவின் மகள் கமலத்தை வீட்டில் வைத்து வளர்த்தார். எட்டு வயதில் விதவையானவரை அப்பா பிடிவாதமாகப் படிக்க வைத்தார் என்பதைக்கூட, உலை கொதிக்கும் நேரத்தில், அரிசியைக் களைந்துகொண்டே இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

ஒருநாள் பள்ளி மாடிப்படியில், கை நிறையப் பரீட்சைத் தாள்களோடு விழுந்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது, மூன்று மாதம் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்றார் லேடி டாக்டர். டீச்சருக்கு நோயைவிட அந்த உத்தரவுதான் பெரிய தண்டனையாக இருந்தது. "எனக்குச் சும்மா படுத்துண்டு இருக்கத் தெரியாது, கேட்டியா? அதை யாரும் சொல்லிக் குடுக்கலை" என்று என்னிடம் எரிந்து விழுந்தார்.

கல்கத்தாவில் ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த அவருடைய தம்பி, பொழுதுபோக்குக்கென்று ஒரு சிறு சமஸ்கிருத நூலைத் தபாலில் அனுப்பியிருந்தார். பௌத்தர்களுடையது. மொத்தமே இரண்டு பக்கம். "மத்யானத்துக்குள்ள இதைத் தமிழ்ல எழுதிடுவேன்" என்றார். அடுத்த வாரம் நான் போனபோது முதல் வரியிலேயே இருந்தார். அதில் வரும் 'சூன்யம்' என்ற சொல் அவரை நகர விடவில்லை.

"அப்பிடியே சூனியம்னு போட்டா என்ன?" என்றேன்.

"போட்டா நம்ம தெருவில என்ன அர்த்தம்? யாரோ யாருக்கோ வெச்ச செய்வினை. சந்தேகமானா நாராயணியைக் கேளு."

பால் கொண்டுவந்த நாராயணியிடம் அவரே கேட்டார். "சூன்யமோ? அய்யோ அம்மே, அதொன்னும் பறயல்லே!" என்று, அந்தப் பேச்சே வேண்டாம் என்பதுபோல், அவள் பாலை ஊற்றிய கையோடு படியிறங்கிப் போய்விட்டாள். டீச்சர் சிரித்தார். பின்னால் இது என்னவாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அப்போதிருந்து யார் வந்தாலும் ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்ப்பார். ஒவ்வொன்றையும் எழுதுவார், அடிப்பார். "'பாழ்'னா என்னமோ இருந்து கெட்டுப் போனதுன்னு ஆயிடறது. 'வெறுமை'ன்னா துக்கம் வந்து ஒட்டிக்கறது. 'இன்மை'ன்னா சாப்பாட்டுக்கு இல்லாத மாதிரி. ஆனா இந்தப் புஸ்தகம் துக்கமா ஒண்ணும் சொல்லலை, பகவதி. சந்தோஷமாச் சொல்றது. அதாக்கும் எனக்குப் புரியலை."

மூன்று மாதம் முடிந்து பள்ளிக்குத் திரும்பினார். சொல் அகப்படவில்லை. அடுத்த மழைக்காலமும் வந்தது. அதற்குள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. பர்வதம் வீட்டுக்குள் சூனியப் புத்தகம் வைத்திருக்கிறாள், ராவும் பகலும் அதை எழுதுகிறாள் என்று. கமலத்தைப் பெண் பார்த்துச் சம்மதம் சொல்லியிருந்த திருநெல்வேலிக்காரர்கள், அதைக் கேள்விப்பட்டதும் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம், வீட்டுக்காரரான அனந்து மாமா தெருவாசிகள் இருவரோடு வந்தார். அடுத்த வீட்டில்தான் அவர் குடியிருந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"பர்வதம், தப்பா எடுத்துக்காதே. நீ படிச்சவ. ஆனா ஆத்துக்குள்ள சூன்யம் எழுதறேன்னு தெரு பூராப் பேச்சாக்கும். எங்காத்துக் கொழந்தைக்கு ஜுரம் விடவே மாட்டேங்கறது. பொண்டுகள் பயப்படறா. வேற வீடு பாத்துக்கோ."

கூட வந்தவர்களில் ஒருவர், "பாழ் நெத்திக்கு இந்தப் படிப்பெல்லாம் எதுக்கு?" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

பழைய டீச்சராக இருந்தால் அவர் சொல்லி முடிக்குமுன் பதில் வந்திருக்கும். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பதில் சொல்லாமல் கேள்வி கேட்டார்.

"மாமா, கொழந்தைக்கு ஜுரம் எப்படி வந்தது?"

"மழையில நனைஞ்சான்."

"மழை மாத்திரமா?"

"கெணத்துத் தண்ணியும் கலங்கித்தான் கெடக்கு."

"முன்னாலயே ஒடம்பு எப்படி?"

"சவலைக் கொழந்தைதான்" என்றார் மாமா. குரல் இறங்கிவிட்டது.

"இத்தனையும் சேர்ந்தாக்கும் ஒரு ஜுரம். அதை நான் ஒருத்தி, ஒரு வார்த்தையாலே கொண்டு வர முடியுமா? ஜுரமானாலும் செரி, நானானாலும் செரி, எதுவும் தனியா நிக்கறதில்லை, மாமா. அந்தப் புஸ்தகத்துல இருக்கறது இவ்வளவுதான். தண்ணியைக் காய்ச்சிக் குடுங்கோ. லேடி டாக்டரை நான் வரச் சொல்றேன்."

டாக்டர் வந்தார், மருந்து கொடுத்தார், குழந்தை பிழைத்தது. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொன்னதை மாமா மாற்றிக்கொள்ளவில்லை. தெருவைப் பகைத்துக்கொண்டு அவரால் அங்கே இருக்க முடியாது. டீச்சரும் அதை அவர்மேல் ஒரு குறையாகச் சொன்னதில்லை.

கமலத்தின் கோபம்தான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. சாமான் கட்டுகிற நாளில் அது வெடித்தது. "ரெண்டு பக்கக் காகிதத்துக்காக வீடும் போச்சு, என் கல்யாணமும் போச்சு. உங்களுக்கு இது போறுமா, சித்தி?"

டீச்சர் எழுதியிருந்த தாள்களையெல்லாம் எடுத்து அவள் கையில் கொடுத்தார். "அடுப்பு எரியறது. போட்டுடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அவர் அதை வீம்புக்குச் சொல்லவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். கமலம் தாள்களோடு சமையலறைக்குப் போனாள். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்திருக்கப் போனேன். டீச்சர் என் முழங்காலில் கை வைத்து உட்காரச் செய்தார்.

வெகுநேரம் கழித்துக் கமலம் தாள்களோடேயே திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. "இதுல மந்திரமும் இல்லை, மண்ணுமில்லை. எல்லாம் அடிச்சு அடிச்சுன்னா கெடக்கு! இவ்வளவு அவஸ்தைப்பட்டதை நான் ஏன் எரிக்கணும்? நீங்களே முடிச்சுத் தொலையுங்கோ." டீச்சர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஊரின் இன்னொரு பக்கத்தில், ஸ்ரீவராகத்தில் ஒரு சிறிய வீடு கிடைத்தது. போன முதல் ஞாயிற்றுக்கிழமை, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம், "அன்னிக்கு மாமாகிட்ட என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்" என்று கேட்டார்.

"எதுவும் தனியா நிக்கறதில்லைன்னு."

"அதேதான். ஒரே வார்த்தையாத் தேடினேன் பாரு, அதாக்கும் தப்பு. இனிமே அதை அப்படியே எழுதப்போறேன். எதுவும் தனித்து நிற்பதில்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்: "எட்டு வயசுலேர்ந்து என்னைப் பாழ்னு சொல்லிண்டிருந்தா. நானும் நம்பினேன். அந்தப் பாழை ரொப்பத்தான் அப்படி ஓடிண்டிருந்தேன். அங்க ரொப்பறதுக்குக் குழி ஒண்ணும் இல்லை, பகவதி. அப்பா, நீ, கமலம், பள்ளிக்கூடத்துக் கொழந்தைகள், இத்தனை பேர் சேர்ந்தது நான். இது தெரிஞ்சப்பறம் எதுக்கு ஓடணும்?"

அதற்குப்பின் அவர் நடை மாறியது. வகுப்பும் மாறியது. ஒரு சுலோகத்தை ஒரு வாரம் வைத்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளே அதற்குத் தமிழ் தேட வேண்டும்; ஒவ்வொருத்தியும் கொண்டுவருகிற சொல்லை எல்லோரும் சேர்ந்து எடைபோடுவார்கள். பழைய மாணவிகளே, நீங்கள் இன்று எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் அங்கே தொடங்கியதுதான். ஆனால் நடந்ததை முழுவதும் சொல்ல வேண்டும். பாடம் முடியவில்லை என்று தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அந்த வருடம் இரண்டு பிள்ளைகள் சமஸ்கிருதத்தில் தோற்றார்கள். டீச்சர் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. அந்த இருவரையும் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரவழைத்துத் தேற வைத்தார். இவ்வளவு மெதுவாகவா பாடம் நடத்துவது என்று நான் கேலி செய்தபோது, "அவசரமாச் சொல்லிக் குடுத்ததை அவசரமா மறந்தா. இதை மெதுவா மறக்கட்டுமே" என்றார்.

கமலத்துக்குப் பிறகு நல்ல இடத்தில் கல்யாணமானது. மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். சூனியக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர். இரண்டு பக்கத் தமிழும் அதற்கு டீச்சர் எழுதிய விளக்கமும், பழவங்காடிப் பக்கத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் சிறு நூலாக வந்தன. அதிகம் பேர் வாங்கவில்லை. டீச்சர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. உடனே இன்னொரு நூலைத் தொடங்கினார். அதில் அவர் முடித்தது பதினோரு வரி. பன்னிரண்டாவது வரி பாதியில் நிற்கிறது.

கடைசி இரண்டு வருடங்களில், ஆசிரியைகள் அறையில் யாராவது யாரைப் பற்றியாவது குறை சொல்லத் தொடங்கினால், டீச்சர் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செரி. வேற என்னவெல்லாம் சேர்ந்தது?" என்பார். அவ்வளவுதான். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சொன்னவர் முதலில் எரிச்சலடைவார். பிறகு விட்டுப்போனது ஒவ்வொன்றாக வெளியே வரும். சில சமயம் குறையே மாறிப்போகும். சில சமயம் குறை அப்படியே இருக்கும். சொன்னவரின் கோபம் மட்டும் குறைந்திருக்கும்.

டீச்சரின் காரியங்கள் முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பிய வாரத்தில், ஒரு பிள்ளை மூன்றாவது நாளாகத் தாமதமாக வந்தாள். பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "வேற என்னவெல்லாம் சேர்ந்தது?" என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. விழித்தாள். எனக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. வகுப்பு முழுவதும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் மெல்ல, "அம்மைக்கு சுகமில்ல டீச்சர். கஞ்சி வெச்சு தம்பிக்குக் கொடுத்திட்டு வரணம்" என்றாள்.

உட்காரச் சொன்னேன்.

கமலம் டீச்சரின் பொருள்களில் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். நான் எதுவும் எடுக்கவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்வியும், கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் வழக்கமும்தான். கேள்வி எனக்கு எளிதாக வந்துவிட்டது. காத்திருப்பதை இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.