நிறுவைத் தராசும் இரண்டு மரியாதைக்காரரும்

பயம் வந்தால் சிலர் சாமிப் படத்துக்கு முன்னால் நிற்பார்கள். நான் ஃபிரிட்ஜைத் திறந்து அதற்குள் பார்த்துக்கொண்டு நிற்பேன். எதையும் எடுக்கமாட்டேன். அந்தக் குளிர்ந்த வெளிச்சத்துக்கு முன்னால் நின்றால் உலகம் கொஞ்சம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை முற்பகலும் அப்படித்தான் நின்றேன். மனைவி பின்னால் வந்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்தக் கதவைச் சாத்துங்கோ. உங்கட முகத்தைப் பார்த்து மீனும் பயப்பிடுது."

மன்னாரில், கீரிக் கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. முன்னறைதான் கந்தோர். முசலிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் ஒரு சகபாடியும் நானும் அங்கே மென்பொருள் எழுதுகிறோம். அவர் என்னிலும் பத்துப் பதினைந்து வயது இளையவர், முஸ்லிம் வீட்டுப் பெண். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவார். நான் 'தங்கச்சி' என்பேன். இருவருக்கும் வாழ்வு தரும் பெரிய வேலை ஒன்றே ஒன்றுதான்: கரையில் உள்ள ஒரு மீனவர் சங்கத்தின் நிறுவை மென்பொருள். மீன் கூடையைத் தராசில் வைத்தால் நிறை திரையில் தெரியும், ரசீதுத் துண்டு ஒன்று அச்சாகி வெளியே வரும்.

ஒரு வள்ளம் வந்தால் எல்லாம் அழகாக நடக்கும். விடியற்காலையில் வள்ளங்கள் ஒன்றாக வந்து சேரும்போதுதான் வினை. திரை மூச்சுப்பிடித்துக்கொண்டு நிற்கும். கூடை வெயிலில் இருக்கும். பின்னால் நிற்பவர்கள் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது. வெள்ளிக்கிழமை சங்கத் தலைவர் அமைதியாகச் சொன்னார், அந்த அமைதிதான் என்னைக் கொன்றது:

"தம்பி, திங்கட்கிழமையும் இப்பிடி இழுத்துதெண்டால் கழட்டிக்கொண்டு போங்கோ."

கழற்றினால் எங்கள் கந்தோர் திரும்பவும் முன்னறையாகிவிடும். தங்கச்சிக்குக் கொழும்பில் ஒரு வேலை காத்திருந்தது. அவருக்குப் போக விருப்பமில்லை, ஆனால் வேறு வழி இருக்காது. எனக்கு எங்கேயும் ஒன்றும் காத்திருக்கவில்லை.

அந்த மென்பொருளுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொரு வேலையையும் ஒரு திரெட் பார்க்கும். ஒன்று தராசிடம் நிறையைக் கேட்கும், ஒன்று திரையில் காட்டும், ஒன்று துண்டை அச்சடிக்கும். எங்கே இழுக்கிறது என்று பார்க்க எங்களிடம் இரண்டு கருவிகள் இருந்தன. தங்கச்சி எழுதியது புறொஃபைலர். அது உள்ளே ஒரு மூலையில் இருந்துகொண்டு, எந்தத் திரெட் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று பார்த்துப் பதியும். நான் எழுதியது டிபக் சேவை. அதை ஒரு விசில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊதினால் எல்லாத் திரெட்டும் நின்ற நிலையில் நிற்கும். யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஓட விடலாம்.

தராசைக் கேட்கும் திரெட் அடிக்கடி காத்து நிற்கிறது என்று புறொஃபைலர் சொன்னது. யாருக்காக என்று அதற்குத் தெரியாது. என் விசிலுக்கு அது தெரியும், ஆனால் காத்து நிற்கும் அந்தக் கணத்திலேயே ஊத வேண்டும். நான் ஊதும்போதெல்லாம் அந்தக் கணம் போய்விட்டிருந்தது. எனவே இரண்டையும் இணைப்பது என்று தீர்மானித்தோம். காத்திருப்பு நீண்டால் அவருடைய கருவி என்னுடையதற்குச் சொல்லும், என்னுடையது உடனே ஊதும். அவரவர் பக்கத்தை அவரவர் வீட்டில் எழுதிக்கொண்டு வந்து சனிக்கிழமை காலை பொருத்தினோம். சங்கத்தில் இருப்பதுபோன்ற ஓர் அச்சுப்பொறியை மேசையில் வைத்து, பழைய நிறைகளை மளமளவென்று ஊட்டினோம்.

முதல் நீண்ட காத்திருப்பு வந்தது. புறொஃபைலர் கையை உயர்த்தியது. அத்தோடு மென்பொருள் முழுவதும் உறைந்துபோனது. மன்னார் ரோட்டு நடுவில் கழுதை நிற்குமே, செத்ததும் இல்லை, நகர்வதும் இல்லை, ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை, அப்படி.

நான் உடனே விஞ்ஞானபூர்வமாக இயங்கினேன். இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். காற்றாடியை நிறுத்தினேன். வோல்ற்றேஜில் சந்தேகம் வந்து, மனைவியின் ரைஸ் குக்கரையும் கழற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை, சோறு வேகாமல் போனதைத் தவிர. அதற்குப் பிறகுதான் ஃபிரிட்ஜ்.

நான் திரும்பி வந்தபோது தங்கச்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரையை ரசித்துக்கொண்டிருந்தார்.

"நானா, இது சாகல்ல. எல்லாரும் நித்திரை. ஒருத்தரும் ஒரு வேலையும் செய்யல்ல. ஏன் நித்திரை எண்டு பார்க்க ஆசையா இல்லையா உங்களுக்கு?"

இருந்தது. பயத்துக்கும் ஆவலுக்கும் என் வயிற்றில் ஒரே ஒரு கதிரைதான் உண்டு. ஒன்று வந்து இருந்தால் மற்றது எழும்பிவிடும். நான் என் லப்டொப்பைத் திறந்து அவருக்கு எதிரே இருந்தேன். ஒவ்வொரு திரெட்டும் எதற்காக நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து வாசிக்கத் தொடங்கினோம்.

"உங்கட விசில் ஊதிட்டா?" என்று கேட்டார்.

"இல்லை. ஊத முதல் நிக்கிறார்."

"யாருக்காக?"

"உங்கட ஆளுக்காக. அவர் எழுதி முடிச்சு 'சரி' எண்டு சொல்லட்டும் எண்டு. உங்கட ஆள் ஏன் எழுதாமல் நிக்கிறார்?"

தங்கச்சி தன் திரையில் விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். "உங்கட ஆள் ஊதி முடிச்சு 'எழுது' எண்டு சொல்லட்டும் எண்டு நிக்கிறார்."

"அது எப்ப போட்டனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம். நீங்க மூத்தவர், உங்கட சேவைக்கு முந்தி என்ட கருவி பாயிறது சரியில்ல எண்டு நினைச்சன். நீங்க?"

"நானும் நேற்றுத்தான். பிள்ளை எழுதிக்கொண்டிருக்கேக்க இடையில மறிக்கக்கூடாது எண்டு."

குசினிக்குள்ளிருந்து மனைவியின் சிரிப்புக் கேட்டது. "கலியாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி. நீங்கள் போங்கோ, இல்லை நீங்கள் போங்கோ. உள்ளுக்கை சோறு ஆறுது!" பிறகு குரல் மாறியது. "சோறு எங்க ஆறிறது? ஆர் இந்தக் குக்கரைக் கழட்டினது?"

நான் தீவிரமாக வேலை செய்தேன். அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடி உறைந்தது.

"தங்கச்சி, நான் என்ர பக்கத்தை எடுத்திட்டன்."

"ஐயோ நானா, நானும் என்ட பக்கத்த எடுத்திட்டன். நீங்க விட்டுத்தர வேணாம் எண்டு."

இப்போது யாரும் யாருக்கும் நிற்கவில்லை. அவருடைய கருவி பதிவேட்டைப் பூட்டிக்கொண்டு பாதி எழுதியிருந்தபோதே என் விசில் ஊதி அதையும் நிறுத்திவிட்டது. பிறகு என் சேவை அதே பதிவேட்டில் எழுதப் போயிருக்கிறது. பூட்டு உறைந்தவர் கையில். திறக்க அவர் அசைய வேண்டும். அவர் அசைய என் சேவை எழுதி முடித்து அவரை விட வேண்டும். எவ்வளவு அழகான முட்டாள்தனம் என்று இருவரும் வாய் பிளந்து பார்த்தோம். அந்த நேரம் எனக்குத் திங்கட்கிழமை நினைவிலேயே இல்லை.

கடைசியில் முகத்துக்கு முகம் பார்த்து, மரியாதை இல்லாமல், ஒரு முடிவு எடுத்தோம். விசில் ஊதினால் எல்லாரும் நிற்க வேண்டும், புறொஃபைலரின் திரெட்டைத் தவிர. அது தன்பாட்டில் எழுதிவிட்டுப் போகலாம். என் சேவை அதற்காகக் காத்திருக்காது, அதைத் தொடவும் தொடாது. தனக்கு வேண்டியதை வேறிடத்தில் எழுதிக்கொள்ளும்.

ஓட்டினோம். காத்திருப்பு நீண்டது, விசில் ஊதியது, எல்லாரும் நின்ற நிலையில் பிடிபட்டார்கள். அச்சடிக்கும் திரெட் துண்டு முழுதாக வெளியே வரும்வரை தராசைக் கேட்கும் திரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வள்ளங்கள் ஒன்றாக வந்தால் துண்டுகளும் ஒன்றாகக் குவியும், தராசு அவை ஒவ்வொன்றுக்காகவும் நிற்கும். அந்தப் பகுதியை எழுதியவர் யார் என்று தங்கச்சி கேட்கவில்லை. நல்ல மனம். துண்டுகளை ஒரு வரிசையில் போட்டுவிட்டு தராசு அடுத்த கூடைக்குப் போகும்படி பின்னேரத்துக்குள் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போய் நான் அதைச் சங்கத்துக் கொம்பியூட்டரில் ஏற்றிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை விடிய வள்ளங்கள் ஒன்றாகத்தான் வந்தன. நான் ஒரு ஐஸ் பெட்டிக்குப் பின்னால், தேவைப்பட்டால் ஓடுவதற்கு வசதியான இடத்தில் நின்றேன். கூடை வைத்தார்கள், நிறை வந்தது. அடுத்த கூடை, அடுத்த நிறை. துண்டுகள் பின்னால் தங்கள் வேகத்தில் வந்துகொண்டிருந்தன. வரிசையில் நின்ற ஒருவர், "என்ன இது, நிண்டு ஒரு கதை கதைக்கவும் விடுகுதில்லை" என்று குறைப்பட்டார். தலைவர் திரையைப் பார்த்தார், ஐஸ் பெட்டிக்குப் பின்னால் தெரிந்த என் தலையையும் பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி. கழட்ட வேண்டாம்."

உடனே தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தேன். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்.

"தங்கச்சி, கழட்ட வேண்டாமாம்! நீங்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை."

"நான் போகல்ல எண்டு சனிக்கிழமையே உம்மாட்டச் சொல்லிட்டனே நானா."

"சனிக்கிழமையோ? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க பயந்துகொண்டு இருந்தீங்க. இடையில குழப்பக்கூடாது எண்டு நிண்டன்."