தேர் போகும் வரைக்கும்

நாங்கள் குடியிருப்பது தேர் ஓடும் வீதியில். கேட்டவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவர்கள் என்பார்கள். அந்த வீதிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பிணம் வெளியேறும் வரை தேர் நகராது. தொண்ணூறுகளின் நடுவில், கார்த்திகைத் திருவிழாவில் தேர் ஓடும் நாளன்று, என் அப்பா சாகக் கிடந்தார்.

விடிந்ததுமே விசாரிக்க வந்துவிட்டார்கள். மாசக்கணக்கில் எட்டிப் பார்க்காத எதிர்வீட்டுப் பாத்திரக்கடைக்காரர், சாத்துக்குடிப் பையோடு முதல் ஆள். அப்பாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்தார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. சாயங்காலம் வரைக்கும் தாங்குவாரா?"

"தாங்குவாருங்க" என்றேன், மிக்சிக்கு உத்தரவாதம் கொடுக்கிறவன் மாதிரி.

அவர் படி இறங்கியதும், அப்பாவை வேனில் போட்டு கீழ்பென்னாத்தூர் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். தேருக்காக எல்லா வழியையும் அடைத்தாயிற்று, வேன் ஊருக்கு வெளியேதான் நிற்கும், தூக்கிக்கொண்டு வா என்றார் மச்சான். எதிரே வரும் கூட்டத்துக்குள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனால், சாமி புறப்பாடு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

திரும்பி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தேன். மூக்கடியில் விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். சோறு வெந்ததா என்று பதம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. இழுப்பால் பல ராத்திரி தூங்காத மனுஷருக்கு அன்றைக்குத்தான் கண் சொருகியது. நான் விடவில்லை. உலுக்கி உலுக்கி எழுப்பினேன்.

மதியத்துக்கு மேல் தேர் எங்கள் வீதிக்குள் திரும்பி, சரியாக எங்கள் வீட்டெதிரே நின்றது. சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் திருப்புகிறார்கள், வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் பாத்திரக்கடைக்காரர் தேரைப் பார்க்காமல் எங்கள் வாசலைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

உள்ளே ஓடினேன். அப்பாவிடம் அசைவில்லை. விரல் வைத்தேன். மூச்சில்லை.

அப்போது நான் "ஐயோ அப்பா" என்று அலறவில்லை. மனைவியிடம், "கதவைச் சாத்து" என்றேன்.

அப்பா அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"தேர் போயிடுச்சாடா?"

"இன்னும் இல்லப்பா."

"போனதும் சொல்லு. நான் போறேன்."

வடம் அசைந்தது, தேர் போயிற்று. நான் அவரிடம் சொல்லவில்லை. அப்புறம் கேட்டபோதெல்லாம், தேர் இன்னும் போகவில்லை என்றே சொல்லிவந்தேன். தீபம் முடிந்த மறுவாரம், என்னைக் கேட்காமலே போய்விட்டார்.

பாத்திரக்கடைக்காரர் மாலையோடு வந்தார். "நல்ல மனுஷன். தேருக்கு எடஞ்சல் பண்ணல" என்றார். அப்பாவைப் பற்றி அந்த வீதி சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இப்போது எனக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. கார்த்திகை பிறந்தால் நான் வாசலில் நின்று இருமுவதில்லை.