நீலப் பையும் ரேஷன் கார்டும்

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். சமைத்தது சித்தி ஒருத்தி. இதைத்தான் கூட்டுக்குடும்பம் என்று திண்டிவனம் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தார் அப்பா. அம்மா அவருக்கு அக்கா மகள், சொந்த ரத்தம். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த சித்தி விழுப்புரத்து அந்நியம். விலங்கியல் படித்தவள்.

நான் மூன்றாவது படிக்கும்போது மரக்காணம் கடற்கரைக்குப் போனோம். மணலில் ஊதிய பலூன் போல நீலமாக ஒரு பை, அடியில் நூல் நூலாக வால். தொடப் போன என் கையைச் சித்தி தட்டிவிட்டாள். செத்தாலும் கொட்டுமாம். சொறி மீனா, ஜெல்லி மீன் என்பார்களே அதுவா என்று கேட்டேன். பார்க்க அப்படி இருந்தாலும் வகை வேறு என்றாள். சொறி மீன் ஓர் உயிர். இது ஒரு கூட்டம். மிதப்பது ஒன்று, கொட்டுவது ஒன்று, தின்பது ஒன்று, இனம் பெருக்குவது ஒன்று. தனியாகப் பிய்த்தால் எதுவும் பிழைக்காது.

“சமைக்கிறது எது சித்தி?”

“அது மட்டும் இல்லடி. இருந்தா அதுக்கு என் பேரைத்தான் வச்சிருப்பாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். திரும்பி நடக்கும்போது எனக்கு மட்டும் சொன்னாள்: “எல்லாம் ஒரே முட்டையில முளைச்சதுங்க. அதான் ஒட்டிக்கினு கெடக்குதுங்க.”

அடுத்த மாதம் தனி ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டாள். இரண்டு பேருக்கு மட்டும் ஆக்கினால் பி.எட். படிக்க நேரம் கிடைக்கும் என்பது கணக்கு. தனி அடுப்பு இருந்தால்தான் தனிக் கார்டு. பின்கட்டில் புது ஸ்டவ் ஒன்றை வைத்தாள். சித்தப்பா தலையாட்டியதோடு சரி.

விசாரிக்க வந்தவர் கறை படாத ஸ்டவ்வைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்க வீட்டுல எத்தினி அடுப்பு பாப்பா?”

“ஒண்ணுதான் சார். சித்திதான் எல்லாருக்கும் ஆக்குவாங்க. நாங்க ஒரு கூட்டம். பிச்சா பொழைக்க மாட்டோம்.”

பாடத்தைச் சரியாக ஒப்பித்த பெருமையோடு சித்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஸ்டவ்வையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்டு வரவில்லை. அப்பா எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தார். இரண்டு வாரம் கழித்துச் சித்தி தனியாக விழுப்புரம் பஸ் ஏறினாள். திரும்பவே இல்லை. அங்கே டீச்சராக இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். வீட்டில் அவள் பேச்சை எடுத்தால் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதெல்லாம் இன்றும் ஒவ்வொரு முகமாகத் தேடுகிறேன். அவள் வந்து இன்னொரு முறை என் கையைத் தட்டிவிட்டால் போதும்.

அன்று பிய்த்தால் பிழைக்காது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முட்டையைப் பற்றி அவள் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. அவள் எங்கள் முட்டையில் முளைத்தவள் இல்லை.